அப்பலாச்சியன் மரக்கரப்பான்கள்: குரோமோசோம் எண்ணிக்கையை மட்டும் வைத்து இனம் பிரிக்கலாமா, பரவல் வரைபடம் போடலாமா?

#1 மட்கட்டை

கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடரில் மட்கிய மரத்துக்குள் வாழும் கிரிப்டோசெர்கஸ் கரப்பான்களைப் பற்றிப் பேச இந்த இழை. 1862-இல் ஸ்கடர் பெயர் வைத்த கிரிப்டோசெர்கஸ் பங்க்டுலேட்டஸ் என்ற ஒரே இனமாகத்தான் இவற்றை நெடுங்காலம் கருதினார்கள். 1983-இல் பீட்டர் லூய்க்ஸ், இவற்றில் பால் குரோமோசோமான எக்ஸ் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு இரண்டு என்பதையும், மற்ற குரோமோசோம்களில் ராபர்ட்சோனிய மாற்றம் (இரண்டு குரோமோசோம் ஒன்றாக இணைவது அல்லது ஒன்று இரண்டாகப் பிளப்பது) இருப்பதையும் காட்டினார். ஆண்களில் 37, 39, 43, 45 என நான்கு எண்கள் தெரியவந்தன. 1996-இல் கம்பம்பட்டி, லூய்க்ஸ், நலேபா மூவரும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்து, உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்றார்கள். 1999-இல் டார்வினி, கார்சியை, ரைட்டி என்று மூன்று புது இனப்பெயர்கள் வந்தன.

கேள்வி இரண்டு. ஒரே விந்தகத்திலிருந்து போட்ட ஸ்லைடில் ஒரு செல்லில் 41, பக்கத்துச் செல்லில் 43, இன்னொன்றில் 40 என்று வந்தால் எதை எடுத்துக்கொள்வது? அடுத்தது, இந்த எண்களை வைத்து மலைத்தொடரை நான்கு நிறத்தில் தீட்டி, "இது இன்ன இனத்தின் பரப்பு" என்று சொல்வது சரியா?

#2 செல்வரைவு

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எண்ணிக்கை இப்படிச் சிதறுவதற்குப் பெரும்பாலும் காரணம் பூச்சி இல்லை, ஹைப்போடானிக் கரைசல்தான், அதாவது செல்லை உப்ப வைக்கும் நீர்த்த உப்புக் கரைசல்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். கடைசிக் கட்ட ஆண் நிம்ஃப் (இளம்பூச்சி) அல்லது புதிதாகத் தோலுரித்த ஆண் நல்லது. வயதான ஆணின் விந்தகத்தில் முதிர்ந்த விந்தணுதான் நிறைந்திருக்கும், பிரியும் செல் கைக்கு அகப்படாது. பூச்சி உப்புக்கரைசலில் முதுகுப்புறமாகத் திறந்து, கொழுப்புத் திசுவை முழுக்க நீக்குங்கள். கொழுப்பு ஒட்டியிருந்தால் ஸ்லைடில் எண்ணெய்ப் படலம் வரும். அதன் மேல் செல்கள் பரவாது.

ஹைப்போடானிக்: 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடு, அதாவது லிட்டருக்கு 5.6 கிராம். 15 நிமிடத்தில் தொடங்குங்கள். அல்லது 1 சதவீத சோடியம் சிட்ரேட். நேரம் குறைந்தால் குரோமோசோம்கள் கட்டியாகவே நிற்கும். கூடினால் செல் சவ்வு உடைந்து ஒன்றிரண்டு குரோமோசோம் வெளியே ஓடிவிடும். உங்களுடைய 40-உம் 41-உம் அப்படி வந்தவையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இழப்பினால் எண் குறையத்தான் செய்யும். கூடுவதென்றால் பக்கத்துச் செல்லிலிருந்து ஒன்று வந்து விழ வேண்டும், அது அபூர்வம். அதனால் சராசரி எடுக்காதீர்கள். எல்லை தெளிவாகத் தெரியும் செல்களை மட்டும் எண்ணி, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் மேல் எண்ணைப் பாருங்கள். ஒரு பூச்சிக்குக் குறைந்தது 20 செல். 10-க்கும் குறைவாகக் கிடைத்தால் அந்தப் பூச்சிக்கு எண் போடாமல் விடுவதுதான் நேர்மை.

ஃபிக்சேட்டிவ் (செல்லை அப்படியே நிலைநிறுத்தும் கலவை): மெத்தனால் 3 பங்கு, அசெட்டிக் அமிலம் 1 பங்கு, அன்றன்று கலந்தது. பழைய கலவையில் மெத்தனாலும் அமிலமும் வினைபுரிந்து எஸ்டரும் தண்ணீரும் சேரும். அப்புறம் சைட்டோபிளாசம் கலையாமல் குரோமோசோமைச் சுற்றி நீலப் புகையாக நிற்கும். முதல் மாற்றம் 10 நிமிடம், இரண்டாவது 30 நிமிடம். பிறகு மைனஸ் 20-இல் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்லைடு: விந்தகத்தின் ஒரு சிறு நுண்குழலை மட்டும் எடுத்து, 60 சதவீத அசெட்டிக் அமிலத் துளியில் ஊசியால் கலைத்து, 40 முதல் 45 டிகிரி சூட்டுத் தட்டில் அந்தத் துளியை மெதுவாக நகர்த்திக் காய விடுங்கள். பிஹெச் 6.8 பாஸ்பேட் பஃபரில் 5 சதவீத ஜீம்சா சாயம், 15 முதல் 20 நிமிடம்.

மியாசிஸ் (விந்தணு உருவாகும் செல் பிரிவு) பார்க்கப் போகிறீர்கள் என்றால் செல் பிரிவை நிறுத்தும் கோல்சிசின் வேண்டாம், அது மெட்டாஃபேஸ் (குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும் கட்டம்) அமைப்பையே குலைத்துவிடும். மைட்டாசிஸில் (சாதாரண செல் பிரிவு) குரோமோசோமின் கை அளவுகளை அளக்க மட்டும் 0.05 சதவீதம், அரை மணி நேரம்.

#3 பக்கவேர்

நிம்ஃப் ஆணா பெண்ணா என்பதை வெளியே பார்த்தே உறுதி செய்ய முடியுமா? பெண்ணை ஆண் என்று நினைத்து எண்ணினால் இரட்டைப்படை வந்து குழப்புமே.

#4 செல்வரைவு

சரியான கேள்வி. இந்தப் பேரினத்தில் ஏழாவது வயிற்று வளையம் பெரிதாகி அதற்குப் பின்னால் உள்ளதை எல்லாம் மூடிவிடும். வால் நீட்சிகளும் உள்ளேதான். அதனால் வெளித் தோற்றத்தை நம்பாதீர்கள். திறந்து விந்தகத்தையோ அண்டகத்தையோ கண்ணால் பார்த்துவிட்டு, அதை அந்த நிமிடமே குறிப்பேட்டில் எழுதுங்கள். பெண்களில் வர வேண்டிய எண்கள் 38, 40, 44, 46.

ஆணின் மியாசிஸிலேயே ஒரு சாட்சி உண்டு. முதல் பிரிவின் தொடக்கத்தில் எக்ஸ் தனியாக, மற்றவற்றைவிட அடர்ந்த நிறத்தில் ஒரு பொட்டுப் போல நிற்கும். துணை இல்லாமல் நிற்பது அது ஒன்றுதான். அதைப் பார்த்தால் ஆண் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

#5 வகுத்தல்

மைட்டாசிஸில் 43 சிறு குச்சிகளை எண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதைவிட, முதல் மெட்டாஃபேஸைப் பாருங்கள். அங்கே எண்ண வேண்டியது பாதிதான், பொருளும் பெரிது.

37 என்றால் 18 பைவேலன்ட் (ஜோடி சேர்ந்து நிற்கும் இரண்டு குரோமோசோம்), ஒரு எக்ஸ்.
39 என்றால் 19 பைவேலன்ட், ஒரு எக்ஸ்.
43 என்றால் 21, ஒரு எக்ஸ்.
45 என்றால் 22, ஒரு எக்ஸ்.

ராபர்ட்சோனிய இணைவு என்பது, முனையில் சென்ட்ரோமியர் (செல் பிரியும்போது குரோமோசோம் இழுபடும் புள்ளி) உள்ள இரண்டு அக்ரோசென்ட்ரிக் குரோமோசோம்கள் ஒட்டி, அது நடுவில் உள்ள ஒரு மெட்டாசென்ட்ரிக் ஆவது. கை எண்ணிக்கை மாறாது, குரோமோசோம் எண்ணிக்கை குறையும். ஒரு இணைவு ஒரு கூட்டத்தில் முழுமையாக நிலைத்துவிட்டால் எண் இரண்டு குறையும். ஆணில் அடிப்படை எண் ஒற்றைப்படையாகவே இருப்பது இதனாலும், எக்ஸ் ஒன்றே இருப்பதாலும்தான்.

ஆகவே உறுதியாக ஆண் என்று தெரிந்த பூச்சியில், நல்ல செல்களில், திரும்பத் திரும்ப 44 வந்தால் அதைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். 43-உம் 45-உம் கலந்த சந்ததி அது. 20 பைவேலன்ட், ஒரு டிரைவேலன்ட், ஒரு எக்ஸ்: 40, 3, 1, மொத்தம் 44. டிரைவேலன்ட் என்பது ஒரு மெட்டாசென்ட்ரிக்கின் இரு கைகளிலும் தனித்தனி அக்ரோசென்ட்ரிக் ஜோடி சேர்ந்து நிற்பது. அது தெரிந்தால் கலப்பு. தெரியாவிட்டால் 45-இல் ஒன்று தொலைந்த செல்.

#6 மூன்றாம்_கை

வகுத்தல் சொன்னது சரி, ஆனால் "இரட்டைப்படை என்றால் கலப்பு, ஒற்றைப்படை என்றால் தூய்மை" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், எல்லாம் ஒரே வரிசையில் நடந்த எளிய இணைவுகள் என்று வைத்துக்கொண்டு:

37-உம் 39-உம் கலந்தால் மகன் 38, ஒரு டிரைவேலன்ட்.
37-உம் 43-உம் என்றால் 40, மூன்று டிரைவேலன்ட்.
39-உம் 45-உம் என்றால் 42, மூன்று டிரைவேலன்ட்.
39-உம் 43-உம் என்றால் 41. இரண்டு டிரைவேலன்ட், 17 பைவேலன்ட், எக்ஸ்.
37-உம் 45-உம் என்றாலும் அதே 41. ஆனால் நான்கு டிரைவேலன்ட், 14 பைவேலன்ட், எக்ஸ்.

கலப்பு ஒற்றைப்படையிலும் வரும் என்பதற்கு 41 சாட்சி. நான்கு எண் வரிசையில் 39-க்கும் 43-க்கும் நடுவே இருக்கும் இடைவெளியும் அதுதான். மட்கட்டை சார், உங்கள் 41 செல்லில் 20 பைவேலன்ட்டா, 17-உம் இரண்டு டிரைவேலன்ட்டுமா என்று பார்க்காமல் அதை இழப்பு என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

டிரைவேலன்ட் என்று ஏமாறுவதும் எளிது. ஒரு பைவேலன்ட் மேல் இன்னொன்று சாய்ந்து கிடந்தாலும் அப்படித்தான் தெரியும். எக்ஸ் போய்ப் பக்கத்தில் ஒட்டினாலும் அதே தோற்றம். மெட்டாஃபேஸுக்குச் சற்று முந்தைய டயகைனிசிஸ் கட்டத்திலும் மெட்டாஃபேஸிலும், வேறு வேறு ஸ்லைடிலும் அதே அமைப்பு வர வேண்டும். இரண்டாம் மெட்டாஃபேஸ் இன்னொரு சோதனை. தூய 43-இல் 21-உம் 22-உம் மட்டுமே வரும். 43-உம் 45-உம் கலந்த ஆணில் 21, 22, 23 மூன்றும் வரும்.

#7 பக்கவேர்

அப்படியென்றால் 43 என்ற எண் உள்ள இரண்டு கூட்டங்கள் ஒன்றேதான் என்று வைத்துக்கொள்ளலாமா?

#8 மூன்றாம்_கை

கூடாது. இந்த இழையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அ, ஆ, இ என்று மூன்று கைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு கூட்டத்தில் அ-வும் ஆ-வும் இணைந்து 43 ஆகியிருக்கலாம். மலையின் மறுபக்கத்தில் அ-வும் இ-யும் இணைந்து அதே 43 ஆகியிருக்கலாம். எண் ஒன்று, கட்டமைப்பு வேறு. இரண்டும் கலந்தால் மகனிலும் 43-தான் வரும், எண்ணிக்கையில் ஒரு துப்பும் கிடைக்காது. ஆனால் மெட்டாஃபேஸில் நான்கு குரோமோசோம் சங்கிலியாகக் கோத்து நிற்கும்: 19 பைவேலன்ட், ஒரு நாலுகோவைச் சங்கிலி, எக்ஸ்.

எளிய டிரைவேலன்ட் பெரும்பாலும் ஒழுங்காகவே பிரியும், மகப்பேறு பெரிதாகக் குறையாது. சங்கிலி நீள நீளத்தான் தவறான பிரிவு கூடி, குரோமோசோம் குறைந்த அல்லது மிகுந்த விந்தணுக்கள் வரும். ஐரோப்பாவின் வீட்டு எலிகளிலும் சோரெக்ஸ் மூஞ்சூறுகளிலும் இதை விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே இன எல்லை என்று வரும்போது எத்தனை இணைவு என்பதைவிட எந்தக் கை எதோடு என்பதுதான் முக்கியம். அது சாதாரண ஜீம்சாவில் தெரியாது. கை நீளங்களை அளக்க வேண்டும், சி-பட்டை (சென்ட்ரோமியர்ப் பகுதியை அடர்ந்த நிறத்தில் காட்டும் சாயமுறை) போட வேண்டும்.

#9 வகுத்தல்

சி-பட்டைக்கு அளவுகள் தருகிறேன். ஸ்லைடு ஒரு வாரம் பழையதாக இருக்கட்டும். 0.2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அறை வெப்பத்தில் 30 நிமிடம், தண்ணீரில் அலசி, 5 சதவீத பேரியம் ஹைட்ராக்சைடில் 50 டிகிரியில் 3 முதல் 5 நிமிடம். பிறகு இரட்டை வலு உப்பு-சிட்ரேட் கரைசல், அதாவது 0.3 மோலார் சோடியம் குளோரைடும் 0.03 மோலார் ட்ரைசோடியம் சிட்ரேட்டும், 60 டிகிரியில் ஒரு மணி நேரம். கடைசியாக ஜீம்சா.

பேரியம் கரைசல் காற்றுப் பட்டால் மேலே வெள்ளை ஆடை கட்டும். அது ஸ்லைடில் படிந்தால் குரோமோசோமே தெரியாத அளவுக்குப் பொடி ஒட்டிக்கொள்ளும். ஆடையை நீக்கிவிட்டு முக்குங்கள், எடுத்ததும் நீர்த்த அமிலத்தில் ஒரு நொடி அலசுங்கள். குரோமோசோம் உப்பி வெளிறி வந்தால் பேரியத்தில் நேரம் கூடிவிட்டது என்று பொருள்.

#10 மலைமுகடு

வரைபடக் கேள்விக்கு வருகிறேன். நிறம் தீட்டாதீர்கள், புள்ளி வையுங்கள்.

இந்தக் கரப்பானுக்கு இறக்கை இல்லை. ஆணும் பெண்ணும் ஜோடியாக ஒரு விழுந்த மரத்துக்குள் குடைந்து, ஒரே ஒரு ஈடு குஞ்சுகளை ஆண்டுக்கணக்கில் வளர்க்கின்றன. குஞ்சு பிறக்கும்போது கண்ணில்லை, உடல் வெளிறியிருக்கும். மரத்தைச் செரிக்கும், குடலில் வாழும் ஒருசெல் கசையுயிரிகளைப் பெற்றோரின் குதத் திரவத்திலிருந்துதான் பெறுகிறது. இப்படிப்பட்ட உயிர் ஒரு பள்ளத்தாக்கைத் தாண்டுவதே பெரிய செய்தி. சிறு கூட்டம், குறைந்த நடமாட்டம் என்றால், கலப்பில் சற்றுப் பாதகமான இணைவுகூடத் தற்செயலாக நிலைத்துவிட முடியும். எண்கள் அருகருகே மாறுவதற்கு இந்த வாழ்க்கை முறையே அடிப்படை என்பது என் கருத்து.

தெற்கு அப்பலாச்சியன் பகுதியில் எந்த எண் எங்கே இருக்கிறது, அதற்கு வாழிடமும் வரலாறும் எப்படிக் காரணம் என்று நலேபாவும் லூய்க்ஸும் மற்றவர்களும் 2002-இல் தனியாகவே ஆராய்ந்தார்கள். வரலாறு என்று சொல்லும்போது பனியுகத்தை நினைப்போம். பனிப்பாளம் அந்தத் தெற்கு மலைகளை மூடவில்லை. ஆனால் குளிரில் காடு கீழே இறங்கியது, வெப்பம் திரும்பியதும் மேலே ஏறியது. தாழ்நிலத்தில் ஒன்றாக இருந்த கூட்டங்கள் தனித்தனி முகடுகளில் போய் மாட்டிக்கொள்ள அது ஒரு வழி. அதற்காக எல்லாப் பிரிவையும் கடைசிப் பனியுகத்தின் தலையில் கட்டக் கூடாது.

மனிதர் செய்த மாற்றமும் வரைபடத்தில் தலையிடும். 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட செஸ்ட்நட் கருகல் நோய் அந்த மரத்தை மலைத்தொடர் முழுக்க வீழ்த்தியது, மட்கும் கட்டை மலைமலையாகக் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்மூடித்தனமான மரவெட்டு வேறு. இப்போது அடெல்ஜிட் பூச்சியால் ஹெம்லாக் மரங்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. ஓரிடத்தில் கரப்பான் இல்லை என்றால் அது பரப்பின் எல்லையா, அல்லது வெட்டப்பட்டு மீண்ட இளங்காட்டில் போதுமான பழைய கட்டை இல்லையா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு புள்ளியோடும் எழுத வேண்டியவை: தசம பாகையில் அகலாங்கு நெட்டாங்கு, உயரம், ஓடையின் எந்தக் கரை, மர வகை, விரலால் அழுத்தினால் அமுங்குகிறதா கத்தி வேண்டுமா என்ற மட்கல் நிலை, எத்தனை கட்டை உடைத்துப் பார்த்தீர்கள், எத்தனையில் இல்லை. இல்லாத கட்டைகளின் எண்ணிக்கையை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

இரண்டு எண்கள் நெருங்கும் இடத்தில் மாதிரிகளை நெருக்கமாக எடுங்கள். மற்ற இடங்களில் அகலமாகப் போகலாம். கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் போன்ற தேசியப் பூங்காவுக்குள் ஆராய்ச்சி அனுமதி இல்லாமல் ஒரு கட்டையையும் புரட்டக் கூடாது. தேசியக் காடுகளின் விதி வேறு, அந்தந்தக் காட்டு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளைக் குஞ்சுகள் இருக்கும் குடும்பத்தில் பெற்றோரை எடுக்காதீர்கள், மொத்தமும் செத்துவிடும். பெரிய நிம்ஃப் உள்ள குடும்பத்தில் இரண்டு மூன்று மட்டும் எடுத்துக்கொண்டு, உடைத்த துண்டுகளைப் பொருத்தி, ஈர இலையால் மூடிவிடுங்கள். எடுத்ததை அதே கட்டையின் ஈரத் தூளோடு குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். வண்டிக்குள் வெயிலில் ஒரு மதியம் கிடந்தால் பிரியும் செல் ஒன்றும் மிஞ்சாது.

#11 புற்றோரம்

இடையில் ஒரு சந்தேகம். பனெஸ்தியா, சல்கேனியா ஆகியவையும் மரம் தின்னும் கரப்பான்கள்தானே, அவற்றை ஒப்பிட்டால் பயன் உண்டா?

#12 மூன்றாம்_கை

அவை பிளாபெரிடே குடும்பம். மரம் தின்னும் வழக்கம் அங்கே தனியாகத் தோன்றியது. கிரிப்டோசெர்கஸோ கரையான்களுக்கு உடன்பிறந்த கிளை. வாழ்க்கை முறையை ஒப்பிடலாம், குரோமோசோம் எண்ணின் மூலநிலையைத் தீர்மானிக்க அவை உதவாது.

மூலநிலை என்றதும் இன்னொன்று. 45 பழையது, 37 இணைவால் வந்தது என்று பலர் தானாகவே எழுதிவிடுகிறார்கள். பிளவினால் எண் கூடவும் செய்யும். வெளியிலிருந்து சாட்சி தேடினால் ஜெர்மன் கரப்பான் ஆணில் 23, அமெரிக்கக் கரப்பான் ஆணில் 33. இவ்வளவு பரந்து கிடக்கும் எண்களை வைத்துத் திசை சொல்ல முடியாது. டிஎன்ஏ மரத்தை முதலில் கட்டி, அதன் மேல் எண்ணை வைத்துப் பார்ப்பதுதான் முறை. அமெரிக்க மேற்குக் கரையின் கிளீவ்லாண்டி, ரஷ்யத் தூரகிழக்கின் ரெலிக்டஸ், கொரியா, சீன மலைகளின் இனங்கள் எல்லாம் அந்த மரத்தில் இடம்பெற வேண்டும். அப்பலாச்சியன் நான்கு எண்ணை மட்டும் வரிசையில் நிறுத்தினால் வரிசைதான் கிடைக்கும், வரலாறு கிடைக்காது.

#13 பார்கோடு

டிஎன்ஏவுக்குக் காலை எடுங்கள், வயிற்றை எடுக்காதீர்கள். வயிறு முழுக்கக் கசையுயிரியும் பாக்டீரியாவும். பின்னங்கால் ஒன்றை 95 சதவீத எத்தனாலில் போட்டு மைனஸ் 20-இல் வைத்தால் போதும். விந்தகம், கால், மீதி உடல் மூன்றுக்கும் ஒரே எண் எழுதுங்கள், பென்சிலில். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

மைட்டோகாண்ட்ரியத்தில் சிஓ2, 16எஸ் என்ற இரண்டு மரபணுக்களையும் படிக்கலாம். சிஓ2-இல் நடுவில் நிறுத்தக் குறி வந்தால் அது செல்லின் உட்கருவுக்குள் ஒட்டிக்கொண்ட போலிப் பிரதி, விட்டுவிடுங்கள். கலப்புப் பகுதி என்றால் உட்கருவிலிருந்தும் ஒரு மரபணுக் குறியீடு கட்டாயம். மைட்டோகாண்ட்ரியம் தாய்வழி மட்டுமே வருவதால், 44 உள்ள ஆணில் அது ஒரு பெற்றோரைத்தான் காட்டும்.

#14 மட்கட்டை

அனைவருக்கும் நன்றி. ஒரு கட்டையிலிருந்து மூன்று நிம்ஃப் எடுத்து மூன்றிலும் 43 வந்தால், பட்டியலில் மூன்று பதிவா, ஒன்றா?

#15 மலைமுகடு

ஒன்று. ஒரே குடும்பத்திலிருந்து எடுத்தவை என்றால் அவை ஒரே தாய் தந்தையின் பிள்ளைகள், தனித்தனிச் சாட்சி ஆகாது. மூன்று பதிவாகப் போட்டால் அந்த இடத்தின் எண் உண்மையில் இருப்பதைவிட உறுதியாகத் தெரியும்.

ஆனால் கலப்பு என்று சந்தேகம் வந்தால் அதே உடன்பிறப்புகள் பொன்னானவை. பெற்றோரில் ஒருவர் 43-உம் 45-உம் கலந்த பிறவி, மற்றவர் தூய 43 என்றால் மகன்களில் ஏறக்குறையப் பாதிப் பேரில் டிரைவேலன்ட் இருக்கும், மீதிப் பேரில் இருக்காது. ஒருவர் தூய 43, மற்றவர் தூய 45 என்றால் மகன்கள் அத்தனை பேரிலும் இருக்கும். ஆகவே முதல் மகனில் 44 வந்த கட்டைக்குத் திரும்பிப் போய், அதே குடும்பத்தில் இன்னும் ஐந்தாறு ஆண் நிம்ஃப் எடுத்துவாருங்கள். இருப்பிடத்தைக் கட்டை அளவுக்குத் துல்லியமாகக் குறித்திருந்தால்தான் அது நடக்கும். ஜிபிஎஸ் எண்ணோடு, கட்டையின் வெட்டு முகத்தில் ஒரு அலுமினியத் தகடும் ஆணியடித்துவிட்டு வாருங்கள்.